வயசு மறதியா, மறதிநோயா? ஒரு மருமகளின் கேள்விக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் திண்டுக்கல் பக்கத்து மருமகள் ஒருவர். மாமியாருக்கு 71 வயது, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒன்றரை வருடமாகக் கேட்டதையே கேட்கிறார். குழம்பில் ஒருநாள் உப்பு இரண்டு தடவை விழுகிறது, மறுநாள் விழுவதே இல்லை. வளையலைத் தானே எங்கேயோ வைத்துவிட்டு, ‘நீதான் எடுத்தே’ என்று மருமகளைச் சொல்கிறார். கோவையில் இருக்கும் நாத்தனார், ‘எங்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசுறாங்க’ என்கிறார். கணவரோ, ‘வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்’ என்கிறார். பக்கத்து டாக்டர் மூளைக்குச் சத்து மாத்திரை ஒன்றும் தூக்கத்துக்கு ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது வயதா, நோயா? டிமென்ஷியா என்கிறார்கள், அல்சைமர் என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? குணமாகுமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? எங்களுக்கும் வருமா?

நான் முதியோர் நல மருத்துவன். ஆளைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை ‘வயசுதான்’ என்று விட்டுவிட முடியாது என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். அவரைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

வயதானால் மறதி வரும் என்பது உண்மைதான். பெயர் தொண்டை வரை வந்து நிற்கும், ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வரும். கண்ணாடியை வைத்த இடம் தெரியாது, ஆனால் கடைசியாக எங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தோம் என்று யோசித்துப் பின்னோக்கிப் போய் எடுத்துவிடுவோம். இது வயது. நோயில், போன வாரம் போய் மொய் எழுதிவிட்டு வந்த கல்யாணமே நடக்காதது போல ஆகிவிடும். ‘மதுரையில சாப்பிட்டோமே, பாயசம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே’ என்று எடுத்துக்கொடுத்தாலும் வராது. எடுத்துக்கொடுத்தால் வருகிறதா, வரவில்லையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இருந்தாலும் ஞாபகத்தை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வருவதில்லை. நம் வீடுகளில் அது ஏமாற்றிவிடும். அம்மா கேட்டதையே கேட்டால் பதில் சொல்லிவிடுகிறோம், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம், கடைக்கு நாமே போய்விடுகிறோம். வயதானவர்களை வேலை வாங்கக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில் அவர்களுடைய வேலைகளை ஒவ்வொன்றாக நாம் கையில் எடுத்துக்கொள்கிறோம். அந்த வேலைகளை அவர்களால் இனி செய்ய முடியாது என்பது அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. 1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வுகளில் பத்து விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை என்பதால் அந்தப் பெயர். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். 2008-ல் முடிவுகள் வந்தபோது வேடிக்கையான ஒன்று தெரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அன்றைய வரையறைப்படி பார்த்தால் கியூபாவில் முதியோரில் 6.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய், இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 விழுக்காட்டினருக்கு. படிப்பு, பண்பாட்டு வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்து இந்தக் குழுவே உருவாக்கிய முறைப்படி பார்த்தபோது எல்லா இடங்களிலும் 5.6 முதல் 11.7 விழுக்காட்டுக்குள் வந்து நின்றது. நம் ஊர்க்காரர்களின் மூளை கியூபாக்காரர்களின் மூளையைவிட இருபது மடங்கு உறுதி என்று யாரும் நம்பப் போவதில்லை. நோயால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும் என்பது அந்த வரையறையின் நிபந்தனை. நம் கிராமத்து வீட்டில் போய், ‘பாட்டியால வேலை எதுவும் செய்ய முடியலையா?’ என்று கேட்டால், ‘அதுக்கு என்ன, நாங்க இருக்கோமே, நல்லாத்தான் இருக்காங்க’ என்றுதான் பதில் வரும். பிறகு இந்தியா முழுக்க எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

ஆகவே உங்கள் மாமியார் விஷயத்தில், ‘என்ன மறக்கிறார்’ என்பதை விட்டுவிட்டு, ‘ஐந்து வருடத்துக்கு முன்னால் தானே செய்து, இப்போது வேறு யாரோ செய்யும் வேலைகள் எவை’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். வாசலில் கோலம் யார் போடுகிறார்? முன்பு பதினைந்து புள்ளி வைத்துப் போட்டவர் இப்போது நாலு கோட்டோடு நிறுத்திக்கொள்கிறாரா? தீபாவளிச் சீட்டுக் கணக்கு யார் கையில் இருக்கிறது? பால்காரருக்கு மாதக் கணக்கு முடிப்பது யார்? பஸ் ஏறித் தனியாகத் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தது கடைசியாக எப்போது? டிவி சீரியல் பார்க்கிறார் சரி, நேற்று யாருக்கு யாரோடு சண்டை என்று சொல்ல முடிகிறதா? ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து 130 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்கிறார்? முட்டி வலியால் கோலம் போடுவதை நிறுத்தியவரும் உண்டு, அதைப் பிரித்துப் பாருங்கள். உடம்பு முடியாமல் விட்ட வேலை வேறு, எப்படிச் செய்வதென்று தெரியாமல் விட்ட வேலை வேறு.

உப்பு இரண்டு தடவை விழுவது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐம்பது வருடம் கை அளவாலேயே உப்புப் போட்டவருக்கு அளவு மறப்பதில்லை. போட்டோமா இல்லையா என்பதுதான் மறந்துபோகிறது. சமையல் என்பது ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து காரியம். அந்த வரிசை குலைவதை வீட்டில் சமைக்கிறவர் வேறு யாரையும்விட முன்னால் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் வீட்டில் அது நீங்கள்.

நாத்தனார் சொல்வதும் பொய்யல்ல. ‘சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி இருக்காங்க, மாப்பிள்ளை நல்லா இருக்காரா’ என்பதெல்லாம் வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகிய பேச்சு, அது வெகுநாள் வரை நிற்கும். ஐந்து நிமிடப் போன் பேச்சில் இந்த நோய் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் முதல் பத்து நிமிடம் தெரியாது. எதிரே உட்கார்ந்து என்னையே, ‘சாப்பிட்டீங்களா டாக்டர், எந்த ஊரு’ என்று விசாரித்துவிட்டு, இது என்ன மாதம் என்று கேட்டதும் மகன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். கேள்விக்கு விடை தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பதே எங்களுக்கு ஓர் அறிகுறி.

இனி டிமென்ஷியாவும் அல்சைமரும். காய்ச்சல் என்பது பொதுப் பெயர், டெங்குவும் டைபாய்டும் அதற்கான காரணங்கள். அதுபோல, நினைவும் யோசனையும் பேச்சும் குறைந்துகொண்டே போய் அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த முடியாத நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர், தமிழில் மறதிநோய். அதற்குக் காரணமான நோய்கள் பல. பெரியது அல்சைமர், 60 முதல் 70 விழுக்காடு வரை அதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அல்சைமர் என்பது ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் பெயர். 1901-ல் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் ஆகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அவர் பார்த்தார். அவர் எழுதிவைத்த குறிப்புக் கோப்பு எங்கே போனதென்று தெரியாமல் இருந்து 1990-களில்தான் திரும்பக் கிடைத்தது. அதில் ஒரு காட்சி. அந்தப் பெண் மதியம் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ‘கீரை’ என்கிறார். உங்களுக்குப் பயன்படக்கூடிய விவரம் வேறொன்று: அவர் வீட்டில் முதலில் கவனித்தது மறதியை அல்ல, கணவர்மேல் அவருக்கு வந்த சந்தேகத்தை. உங்கள் வளையல் விவகாரமும் அந்த வகைதான். 1906-ல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு வெளியே படிவங்களும் உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்களும் தெரிந்தன. வெளியே படிவது அமிலாய்டு என்ற புரதம், உள்ளே முறுக்கிக்கொள்வது டௌ என்ற புரதம் என்பது பிற்பாடு தெரிந்தது. அறிகுறி தெரிவதற்குப் பத்து, பதினைந்து வருடம் முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. புதுச் செய்தியைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே அடிவாங்குவதால் காலையில் நடந்தது நிற்பதில்லை, 1975-ல் நடந்த கல்யாணம் சீர்வரிசையோடு ஞாபகம் இருக்கிறது. ‘பழசெல்லாம் எவ்வளவு தெளிவா சொல்றாங்க, இவங்களுக்கா மறதி’ என்று உறவினர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

அடுத்தது மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. மறதியைவிட மந்தம் இதில் முன்னால் வரும்: யோசிக்க நேரம் பிடிக்கும், நடை சிறுக்கும், எதிலும் ஆர்வம் இருக்காது. சிலருக்குப் படிப்படியாக இறங்கும். கொஞ்ச நாள் அப்படியே நிற்கும், ஒரு சின்னப் பக்கவாதத்துக்குப் பிறகு திடீரென்று ஒரு படி கீழே. வயதானவர்களில் அல்சைமரும் இதுவும் கலந்தே இருப்பது மிகவும் சகஜம்.

லூயி உருண்டை நோய் என்று ஒன்று உண்டு. இதை வீட்டார் தெரிந்துவைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது, அதனால் நின்று சொல்கிறேன். நோயாளி காலையில் தெளிவாக இருப்பார், மதியம் குழம்பியிருப்பார். யாரோ குழந்தைகள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக, பூனை ஓடுவதாகத் தெளிவாகச் சொல்வார், பயப்படக்கூட மாட்டார். கைகால் விறைக்கும், நடை குறுகும். பல வருடம் முன்பிருந்தே தூக்கத்தில் கத்தி, கைகாலை வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை உதைத்த கதை இருக்கும். நம் வீடுகளில் இதைப் பேய், காத்துக் கருப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், அதில்கூட ஆபத்தில்லை. உருவங்கள் தெரிகிறது என்றதும் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரையைக் கொடுப்பதில்தான் ஆபத்து. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது கட்டை போல விறைக்க வைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உருவம் தெரிவதையும் தூக்கத்தில் உதைப்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நெற்றிப் பக்க மூளை தேய்வது இன்னொரு வகை. பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் வரும். ஆரம்பத்தில் மறதி பெரிதாக இருக்காது. கூச்சம் போய்விடும், பேச்சு தடித்துவிடும், இனிப்பைக் கண்டால் விடமாட்டார், அல்லது வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். நடிகர் புரூஸ் வில்லிசுக்கு இந்த வகை என்று அவருடைய குடும்பம் 2023-ல் அறிவித்தது. நம் ஊரில் குடிப்பழக்கம், கள்ள உறவு, பைத்தியம் என்று மூன்று பட்டமும் கட்டிய பிறகுதான் இவர்கள் நரம்பியல் டாக்டரிடம் வருகிறார்கள். உங்கள் மாமியாருக்கு இது பொருந்துவதாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், மறதிநோய் போலவே தோன்றி, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவற்றைப் பார்க்க வேண்டும். நீங்கள் உடனே கவனிக்க வேண்டியதும் இதுதான். வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும், டானிக், நாட்டு மருந்து, சித்த மருந்துப் பொட்டலம் உட்பட ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். தூக்கத்துக்குக் கொடுத்திருப்பது அல்பிரசோலமோ குளோனசெபாமோ என்றால் குழப்பத்துக்கும் கீழே விழுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரையால் கால் எரிச்சல் என்று தரும் அமிட்ரிப்டிலின், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாமே நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. ரத்தக் கொதிப்பு மாத்திரையின் பெயருக்குக் கடைசியில் ‘எச்’ என்று ஒட்டியிருந்தால் அதில் பெரும்பாலும் நீர் பிரிக்கும் மருந்து ஒன்று சேர்ந்திருக்கும். ஏற்கெனவே உப்பைக் குறைத்துச் சாப்பிடும் வயதான பெண்களுக்கு அது ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடலாம். சோடியம் இறங்கினால் ஆள் தள்ளாடுவார், உளறுவார், தூங்கிக்கொண்டே இருப்பார். சில நூறு ரூபாயில் முடியும் ரத்தப் பரிசோதனை இது.

வைட்டமின் பி12 குறைவு அடுத்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள், பல வருடம் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரைக்காரர்கள் இருவருக்கும் இது வரும். தைராய்டு குறைவும் அப்படியே. காது கேட்காதவரை மறதிக்காரர் என்று எண்ணிக் கூட்டிவருவதும் உண்டு. கேட்காத விஷயம் எப்படி ஞாபகம் இருக்கும்? போன மாதம் பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்து, அன்றைக்கு ஒன்றும் ஆகாமல், இப்போது மந்தமாக இருக்கிறாரா? மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருக்கலாம், ஆபரேஷனில் சரியாகும். காலைத் தரையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறார், சிறுநீரும் அடக்க முடியவில்லை, கூடவே மந்தம் என்றால் மூளையில் நீர் தேங்கும் ஒரு நோய் இருக்கிறது, அதற்கும் ஆபரேஷன் உண்டு. கணவரை இழந்த பெண்களுக்கு வரும் மனச்சோர்வும் மறதி வேடம் போடும். பொதுவாக, ‘எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை டாக்டர்’ என்று தானே வந்து அழுகிறவருக்கு மனச்சோர்வு, ‘எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன், இவதான் கூட்டிட்டு வந்தா’ என்கிறவருக்கு மறதிநோய். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனாலும் பெரும்பாலும் பலிக்கும்.

இன்னொன்று. ‘நேற்று வரை நன்றாக இருந்தார், இன்றைக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை’ என்றால் அது மறதிநோய் அல்ல, திடீர்க் குழப்பம். சிறுநீரில் கிருமி, நுரையீரலில் சளி, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம், சர்க்கரை இறங்குவது போன்றவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் கிருமி பரவும். இதற்கு நரம்பியல் டாக்டரிடம் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவு.

ஸ்கேன் விஷயம்: ஒரு தடவை எடுக்க வேண்டும். அல்சைமர் என்று அதில் எழுதி வராது. ரத்தக் கட்டு, கட்டி, நீர்த் தேக்கம், பழைய பக்கவாதத் தழும்பு எதுவும் இல்லையா என்று பார்க்கவும், ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கவும்தான் அது. வசதி இல்லாவிட்டால் சி.டி. போதும், எம்.ஆர்.ஐ.க்காக நகையை அடகு வைக்க வேண்டாம். ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று அறிக்கையில் இருந்தால் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம், எழுபதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு அப்படித்தான் எழுதுவார்கள். அல்சைமருக்கே உரிய புரதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2025 மே மாதம் அனுமதி கொடுத்திருக்கிறது. வரும் வருடங்களில் இந்தக் களமே மாறும், ஆனால் உங்கள் மாமியார் விஷயத்தில் முடிவெடுக்க அது தேவைப்படாது. கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும் சோதனை எல்லாம் படித்தவர்களுக்காகச் செய்தவை. ஐந்தாம் வகுப்புப் படித்தவர் அதில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல முடியாது. பங்குனியிலிருந்து சித்திரை வரை மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது அவருக்கு நியாயமான கேள்வி.

எங்கே காட்டுவது? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். சென்னை என்றால், 1978-லேயே அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் நாட்டில் முதன்முதலாக முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஊர் அது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது. சென்னையில் உள்ள மனநல அமைப்பான ஸ்கார்ஃபும் மறதிநோய்க்கென்று தனியாக ஒரு பிரிவு நடத்துகிறது.

குணமாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். திருத்தக்கூடிய காரணங்கள் எதுவும் இல்லை, அல்சைமர்தான் என்று முடிவானால், குணமாகாது. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் என்ற நான்கு மருந்துகள்தான் கால் நூற்றாண்டாகக் கையில் இருப்பவை. சிலருக்குச் சில மாதங்களோ ஒரு வருடமோ தெளிவைத் தக்கவைக்கும், நோயின் ஓட்டத்தை நிறுத்தாது. டொனெபெசில் தொடங்கினால் வயிற்றுப்போக்கு, குமட்டல், கெட்ட கனவு வரலாம். நாடித் துடிப்பு குறையலாம் என்பதால் முன்பே ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 2023-ல் லெகனெமாப், 2024-ல் டொனனெமாப் என்ற ஊசிகள் அனுமதி பெற்றன, அமிலாய்டைத் துடைத்து எடுப்பவை. லெகனெமாப் சோதனையில் பதினெட்டு மாதத்தில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. வீட்டார் கண்ணுக்கு அது தெரியுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். மூளை வீக்கம், ரத்தக் கசிவு வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சொத்தை விற்றுப் போடும் ஊசி அல்ல என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தக் காசில் பழம் வாங்குங்கள். மூளைக்கு நல்லது என்று உலகமெங்கும் விற்ற ஜின்கோ என்ற மர இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் வருடக்கணக்கில் சோதித்து, மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே முடிவு சொல்லிவிட்டார்கள். வல்லாரைத் துவையல் அரையுங்கள், ருசிக்காக.

இப்போது வளையல். அவர் பொய் சொல்லவில்லை, உங்களைப் பிடிக்காமலும் இல்லை. வைத்தது ஞாபகத்தில் பதியவில்லை. பீரோவில் பொருள் இல்லை. தான் வைக்கவில்லை என்பதில் அவருக்கு உறுதி. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும், வீட்டில் எந்நேரமும் இருப்பது நீங்கள்தான். அவருடைய கணக்கு அவருக்குச் சரி. ‘நான் எடுக்கலை அத்தை’ என்று வாதாடினால் சண்டைதான் வரும், ‘நீங்கதான் வச்சிருப்பீங்க’ என்றால் இன்னும் பெரிய சண்டை. ‘காணோமா? வாங்க, ரெண்டு பேரும் தேடுவோம்’ என்று கூடப் போங்கள். கிடைத்ததும் அவர் கையாலேயே எடுக்கவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒளித்துவைக்கும் இடம் மூன்று நான்குதான் இருக்கும்: அரிசிப் பானை, தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால். கொஞ்ச நாளில் உங்களுக்கு அது அத்துப்படியாகிவிடும். அதைவிட முக்கியம், தங்கத்தை லாக்கருக்கு மாற்றிவிட்டு அதே மாதிரி கவரிங் வளையல் போட்டுவிடுங்கள். ஆனால் இதை நீங்கள் தனியாகச் செய்யவே கூடாது. கணவர், நாத்தனார் இருவரையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடை எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த நோயால் உடைந்த குடும்பங்களில் பாதி நகையால் உடைந்தவை.

சாயங்காலம் ஆனால் ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்புவதும் பின்னால் வரலாம். இதுதான் உங்கள் வீடு என்று நிரூபிக்கப் போகாதீர்கள். ‘காபி குடிச்சுட்டுப் போகலாம்’ என்று சொல்லி, விளக்கைப் போட்டு, வேறு பேச்சுக்கு மாற்றுங்கள். வெளியே போய்விடுவார் என்ற பயம் இருந்தால், பெயரும் உங்கள் செல் நம்பரும் பொறித்த டாலரைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துவிடுங்கள். குளிக்க மறுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். ராத்திரித் தூக்கமில்லை, சண்டை போடுகிறார் என்று மனநோய் மாத்திரை எழுதினால், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மறதிநோய் உள்ள முதியோருக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. சில நேரம் வேறு வழியே இருக்காது, அப்போதும் குறைந்த அளவு, குறைந்த நாள்.

இன்னொரு வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள். அவர் இன்னும் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வங்கிக் கணக்கில் மகன் அல்லது மகள் பெயரைச் சேர்த்து இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றுவது, நாமினி, உயில் ஆகியவற்றை அவருடைய விருப்பம் கேட்டுச் செய்யுங்கள். ‘பவர் எழுதி வாங்கிக்கலாம்’ என்று பலர் சொல்வார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடும். அதாவது எந்த நாளுக்காக எழுதி வைத்தீர்களோ, அந்த நாளில் அது உதவாது. பிறகு காப்பாளர் உத்தரவுக்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

உங்களுக்கும் வருமா? ஐம்பது வயதிலேயே வருகிற, குடும்பம் குடும்பமாகப் பரவும் அல்சைமர் மிக மிக அபூர்வம். 70-க்கு மேல் பெற்றோருக்கு வந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான். மருமகளான உங்களுக்கு இதில் ரத்தத் தொடர்பே இல்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-ல் மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை எல்லாம் ஒழித்தால் 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி எல்லாம் நீங்கள் எதிர்பார்ப்பவை. எதிர்பாராதது, காது கேளாமையும் கெட்ட கொழுப்பும் பட்டியலில் தலா ஏழு விழுக்காட்டோடு முன்னணியில் இருப்பது. கணவருக்கு டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனால் காது மிஷின் வாங்கிக்கொடுங்கள், கெளரவம் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2013-ல் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்ததில் இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு இந்த நோய் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. காரணம் மொழிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், கர்நாடகத்திலும் கேரளத்திலும் பிழைக்கப் போய் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வு ஞாபகம் வரும்.

கடைசியாக, நாத்தனாரோடு போனில் வாதாடுவதை நிறுத்துங்கள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். அந்த வாரம் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், நீங்கள் கூடவே இருந்து எடுத்துக்கொடுத்தால் நாத்தனாருக்கு எதுவும் தெரியவராது. அவர் நம்புவதற்காக மட்டும் சொல்லவில்லை, உங்களுக்கும் அந்த ஒரு வாரத் தூக்கம் வேண்டும். இடையில் ஆலோசனை தேவைப்பட்டால் முதியோருக்கான அரசு உதவி எண் 14567. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள், மாத்திரை டப்பாவை மட்டும் நாத்தனார் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.